லினக்ஸ் கெர்னலுக்குச் சொந்த ஷெட்யூலர்: முதல்முறை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் 6.12-லிருந்து, கெர்னலைக் கைவைக்காமலே நீங்கள் எழுதிய ஷெட்யூலரை ஏற்றலாம், பிடிக்கவில்லை என்றால் ரீபூட் கூடச் செய்யாமல் இறக்கிவிடலாம். இந்த வசதியின் பெயர் ஷெட்-எக்ஸ்ட். ஷெட்யூலரின் முடிவுகளை ஒரு பிபிஎஃப் நிரலாக, அதாவது கெர்னலுக்குள்ளேயே கட்டுப்பாட்டோடு ஓடும் சிறு நிரலாக எழுதுகிறீர்கள். கெர்னல் அதைச் சரிபார்த்து ஏற்றிக்கொண்டு, அடுத்து எந்தப் பணி எந்த சிபியுவில் ஓட வேண்டும் என்று அதைக் கேட்டுக் கேட்டு நடக்கிறது.

முதல் ஷெட்யூலர் இருநூறு வரியைத் தாண்டாது. நேரத்தைத் தின்பது அந்த வரிகள் இல்லை. கெர்னலில் எது இயங்கியிருக்கிறது, எந்தக் கருவி எந்தப் பதிப்பு, ஷெட்யூலர் செத்தால் ஏன் செத்தது என்று எங்கே பார்ப்பது என்பதில்தான் எனக்கு நாட்கள் போயின. ஆகவே இந்தக் கட்டுரையில் குறிமுறையைவிட அவற்றுக்கே இடம் அதிகம். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். சி மொழி ஓரளவு தெரியும், டெர்மினல் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். பிபிஎஃப் முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை.

1. கெர்னல் தயாரா என்று பாருங்கள்

பதிப்பு 6.12 அல்லது அதற்குமேல் இருந்தால் மட்டும் போதாது. கெர்னலைக் கட்டியவர் வசதியை இயக்கியிருக்க வேண்டும். பூட் கோப்பகத்தில் உங்கள் கெர்னல் பதிப்பின் பெயரோடு ஒரு கான்ஃபிக் கோப்பு இருக்கும். சில விநியோகங்களில் ப்ராக் கோப்பகத்தில் சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும். அதில் ஷெட்-கிளாஸ்-எக்ஸ்ட், பிபிஎஃப்-சிஸ்கால், பிபிஎஃப்-ஜிட், டீபக்-இன்ஃபோ-பிடிஎஃப் ஆகிய நான்கும் 'ஒய்' என்று இருக்க வேண்டும். கடைசியதைப் பலரும் தவறவிடுகிறார்கள். பிடிஎஃப் என்பது கெர்னலின் தரவு அமைப்புகளைப் பற்றிய விவரத் தொகுப்பு. அது இல்லாமல் உங்கள் நிரல் ஏறவே ஏறாது.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. சிஸ் கோப்பகத்தில் கெர்னல் என்பதற்குள் ஷெட்-எக்ஸ்ட் என்று ஒரு கோப்பகம் இருக்கிறதா? இருந்தால், அதிலுள்ள ஸ்டேட் கோப்பைப் படியுங்கள். 'டிஸேபிள்ட்' என்று வந்தால் பதற வேண்டாம். வசதி இருக்கிறது, இப்போது எந்த ஷெட்யூலரும் ஏற்றப்படவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

ஆர்ச், கேஷி-ஓஎஸ் போன்றவற்றில் இது முதலிலேயே இயக்கப்பட்டு வருகிறது. உங்களுடையதில் இல்லை என்றால் கெர்னலை நீங்களே கட்ட வேண்டும்.

2. கருவிகள், இடம், நேரம்

பணச் செலவு எதுவும் இல்லை. எல்லாமே இலவசம். செலவு வட்டிலும் நேரத்திலும்தான்.

தேவையான கருவிகள்: கிளாங் 16 அல்லது அதற்குமேல், பாஹோல் 1.25 அல்லது அதற்குமேல், பிபிஎஃப்-டூல், லிப்-பிபிஎஃப். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஷெட்யூலர்களையும் கட்டிப் பார்க்க நினைத்தால் ரஸ்டும் கார்கோவும் வேண்டும். முதல்முறைக்கு சி போதும்.

கெர்னலைக் கட்டும்போது பிடிஎஃப் தகவலைத் தயாரிப்பது பாஹோல்தான். அது பழையதாக இருந்தால் பிழை அங்கே தெரியாது. கெர்னல் நல்லபடியாகக் கட்டி முடியும், பூட்டும் ஆகும். ஆனால் பிடிஎஃப் தகவலில் சில விஷயங்கள் விடுபட்டிருக்கும். பிறகு உங்கள் ஷெட்யூலரைக் கட்டும்போது, சம்பந்தமே இல்லாத இடத்தில் 'இந்தப் பெயர் தெரியவில்லை' என்று பிழை வரும். அப்படி வந்தால் உங்கள் குறியைத் துருவுவதற்கு முன் பாஹோலின் பதிப்பைப் பாருங்கள்.

கெர்னலை நீங்களே கட்டுவதென்றால் டீபக் தகவலோடு கட்ட வேண்டியிருப்பதால் இருபது ஜிபியாவது ஒதுக்கி வையுங்கள். விநியோகத்தின் முழு கான்ஃபிக்கை அப்படியே எடுத்துக் கட்டினால், உங்கள் மெஷினில் என்றுமே செருகப்போகாத சாதனங்களுக்கெல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் ஓடும். லோக்கல்-மாட்-கான்ஃபிக் என்ற இலக்கை முதலில் இயக்குங்கள்; இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். நேரம் பெரிதாகக் குறையும். அதற்குமுன் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பென்டிரைவ், ஹெட்செட் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய கெர்னலில் அவை வேலை செய்யாது. லிங்க் ஆகும் கடைசிக் கட்டத்தில் பாஹோல் நினைவகத்தை நிறையக் கேட்கும். ராம் குறைவாக இருந்தால் கட்டுமானம் அந்த இடத்தில் சட்டென்று செத்துப்போகும். இணையாக ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள் இரண்டு. ஒன்று, கெர்னல் மூலத்தில் டாக்குமென்டேஷன் கோப்பகத்தின் ஷெட்யூலர் பிரிவிலுள்ள ஷெட்-எக்ஸ்ட் பக்கம். சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். இன்னொன்று, ஷெட்-எக்ஸ்ட்-ஆப்ஸ் என்ற ஸ்ட்ரக்டின் வரையறையில் ஒவ்வொரு உறுப்புக்கும் மேலே எழுதப்பட்டிருக்கும் கருத்துரைகள். என்னைக் கேட்டால் அசல் கையேடு அதுதான். எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்படும், எப்போது அழைக்கப்படாது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கெர்னல் பதிப்பின் மூலத்திலிருந்தே படியுங்கள், வேறு பதிப்பிலிருந்து அல்ல. பதிப்புக்குப் பதிப்பு இந்த இடைமுகம் மாறாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

உரிமம் ஒரு சின்ன விஷயம், ஆனால் அதுவும் வழியை மறிக்கும். உங்கள் பிபிஎஃப் நிரலில் ஜிபிஎல் உரிமம் என்று அறிவிக்கும் வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் வெரிஃபையர், அதாவது ஏற்றும் முன் நிரலைச் சரிபார்க்கும் கெர்னல் பகுதி, உள்ளேயே விடாது.

3. விஎம்மில் (மெய்நிகர் மெஷினில்) ஓட்டுங்கள்

கன்டெய்னரில் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கன்டெய்னர் ஓடுவது உங்கள் கெர்னலிலேயே. அங்கே ஏற்றும் ஷெட்யூலர் மொத்த மெஷினுக்கும் ஏறும். கியூஇஎம்யு போன்ற விஎம்தான் சரி. விர்ட்மி-என்ஜி என்றொரு கருவி இதற்கு மிக வசதி. கட்டிய கெர்னலை, தனியாக ஒரு வட்டுப் படிமம் தயாரிக்காமலே, உங்கள் கோப்பு முறைமையை வைத்தே நொடிகளில் பூட் செய்துவிடும். எழுத அனுமதி கொடுத்து ஓட்டினால் மட்டும் ஜாக்கிரதை, உள்ளே அழிப்பது வெளியேயும் அழியும்.

விஎம்முக்குக் குறைந்தது நான்கு சிபியுவாவது கொடுங்கள். ஒரே சிபியுவில் எந்த ஷெட்யூலரும் ஒழுங்காக ஓடுவதுபோலத்தான் தெரியும்.

4. வெளியேறும் வழியை முதலில் பழகுங்கள்

ஷெட்யூலரை ஏற்றிய நிரல் முடிந்தால் ஷெட்யூலரும் இறங்கிவிடும். பணிகளெல்லாம் கெர்னலின் வழக்கமான ஷெட்யூலரிடம் திரும்பிப் போகும். ஆகவே சாதாரணமாக கன்ட்ரோல்-சி போதும். ஆனால் உங்கள் டெர்மினலுக்கே சிபியு கிடைக்காத நிலை வந்தால் விசையை அழுத்தி என்ன பயன்?

அதற்குத்தான் காவல் நேரம். ஓடத் தயாராக இருக்கும் ஒரு பணி குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடவில்லை என்றால் கெர்னல் உங்கள் ஷெட்யூலரை வெளியே தள்ளிவிடும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடி. அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்டினால் ஏற்றவே மறுக்கும். சோதிக்கும் காலத்தில் 5 விநாடி வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டு 30 விநாடி உட்கார்ந்திருப்பது மிக நீண்ட நேரம்.

மூன்றாவது வழி, கெர்னலுக்கு நேரே கட்டளை கொடுக்கும் சிஸ்-ஆர்க்யு விசை. சிஸ்-ஆர்க்யுவோடு பெரிய எழுத்து 'எஸ்' அழுத்தினால் ஷெட்யூலர் உடனே இறங்கும், பெரிய எழுத்து 'டி' அழுத்தினால் இறக்காமலே நிலைமையைப் பதிவில் கொட்டும். இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, ஷிஃப்ட் முக்கியம்: சிறிய எழுத்து 'எஸ்' வட்டை ஒத்திசைக்கும் பழைய கட்டளை, அதை எத்தனை முறை அழுத்தினாலும் ஷெட்யூலர் அசையாது. இரண்டு, பல விநியோகங்கள் பாதுகாப்புக்காக சிஸ்-ஆர்க்யுவில் சில கட்டளைகளை மட்டுமே அனுமதிக்கின்றன. அந்த அமைப்பு ஒரு பிட் முகமூடி. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் அதில் 256 சேர்ந்திருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் அனுமதிக்கும் 1 இருக்க வேண்டும். 16, 176 என்றெல்லாம் இருந்தால் விசைப்பலகையிலிருந்து வேலை செய்யாது. ரூட்டாக ப்ராக் கோப்பகத்திலுள்ள சிஸ்-ஆர்க்யு-ட்ரிகர் கோப்பில் எழுதினால் முகமூடி குறுக்கே வராது, ஆனால் அதற்கு ஷெல் ஓட வேண்டுமே!

5. இருப்பதை ஓட்டிப் பாருங்கள்

கெர்னல் மூலத்தில் டூல்ஸ் கோப்பகத்துக்குள் ஷெட்-எக்ஸ்ட் என்ற இடத்தில் மாதிரிகள் இருக்கின்றன: சிம்பிள், கியூமேப், சென்ட்ரல், ஃப்ளாட்-சிஜி. அங்கே மேக் இயக்கினால் கட்டிவிடும். நடுவில் 'எல்எல்விஎம்: ஆஃப்' என்று ஒரு வரி வரும். அதைக் கண்டு எல்எல்விஎம்மைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருக்காதீர்கள், அது பிழையே இல்லை, விட்டுவிடலாம்.

சிம்பிளை ரூட்டாக ஓட்டுங்கள். விநாடிக்கு ஒரு வரி அச்சாகும்: லோக்கல் இத்தனை, குளோபல் இத்தனை. சும்மா இருந்த சிபியுவுக்கு நேரே போன பணிகள் லோக்கல். பொது வரிசையில் காத்திருந்து போனவை குளோபல். அமைதியான மெஷினில் பெரும்பாலும் லோக்கல்தான் ஏறும். இன்னொரு டெர்மினலில் சிபியு எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கு சுமையை ஏவிவிட்டால் குளோபல் எகிறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று உறுதிசெய்ய, முன்பு சொன்ன ஸ்டேட் கோப்பில் 'எனேபிள்ட்' என்று இருக்கும். பக்கத்தில் ரூட் என்பதற்குள் ஆப்ஸ் கோப்பில் ஷெட்யூலரின் பெயர் இருக்கும். ஒரு குறிப்பிட்ட பணி இதன் கீழ்தான் ஓடுகிறதா என்று அறிய, அந்தப் பணியின் ப்ராக் கோப்பகத்தில் ஷெட் கோப்பைப் பார்த்து, எக்ஸ்ட்-எனேபிள்ட் என்ற வரியில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். முன்னுரிமை பெற்ற ரியல்டைம் பணிகளும் டெட்லைன் பணிகளும் உங்களிடம் வரவே வராது, அவை மேலே தனி அடுக்கு.

ஒரே சமயத்தில் ஒரு ஷெட்யூலர்தான். இரண்டாவதை ஏற்றப்போய் 'பிஸி' என்று வந்தால், விநியோகம் தானாக ஒன்றைப் பின்னணியில் ஓட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

6. மூன்று செயற்கூறுகளில் உங்கள் ஷெட்யூலர்

ஷெட்-எக்ஸ்ட்-ஆப்ஸில் உறுப்புகள் முப்பதுக்கும் மேல். கட்டாயம் கொடுக்க வேண்டியது பெயர் ஒன்று மட்டும். பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி தவிர வேறு எதுவும் கூடாது. கழித்தல் குறி போட்டால் ஏறாது, காரணமும் தெளிவாகச் சொல்லாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அனுப்பு வரிசை. ஒவ்வொரு சிபியுவுக்கும் சொந்தமாக ஒரு லோக்கல் வரிசை உண்டு. சிபியு அதிலிருந்து மட்டுமே பணியை எடுத்து ஓட்டும். அது காலியானால் குளோபல் வரிசையைப் பார்க்கும், அதுவும் காலி என்றால் உங்களைக் கேட்கும். நீங்களாகவும் எத்தனை வரிசை வேண்டுமானாலும் உருவாக்கலாம், ஆனால் அவற்றை எந்த சிபியுவும் தானாக எட்டிப் பார்க்காது. நீங்கள்தான் எடுத்து லோக்கலுக்கு நகர்த்த வேண்டும். இதை மறந்தால் பணிகள் உங்கள் வரிசைக்குள் போகும், திரும்பி வராது. காவல் நேரம் முடிந்ததும் ஷெட்யூலர் வெளியே.

இப்போது மூன்று செயற்கூறுகள்.

செலக்ட்-சிபியு: பணி விழிக்கும்போது எந்த சிபியு என்று கேட்கிறது. கெர்னல் தரும் இயல்பான தேர்வையே அழையுங்கள். அது சும்மா இருக்கும் சிபியு கிடைத்ததா என்றும் சொல்லும். கிடைத்தால் அங்கேயே லோக்கல் வரிசையில் போட்டுவிடலாம். அடுத்த செயற்கூறு அழைக்கப்படாது.

என்கியூ: மற்ற பணிகளை உங்கள் பொது வரிசையில் போடும் இடம். போடும்போது நேரத்துண்டும் கொடுக்க வேண்டும். இயல்பு அளவு 20 மில்லிவிநாடி.

டிஸ்பேட்ச்: சிபியுவுக்கு வேலை இல்லாதபோது அழைக்கப்படும். பொது வரிசையிலிருந்து ஒன்றை லோக்கலுக்கு நகர்த்துங்கள்.

இதோடு இனிட்டில் பொது வரிசையை உருவாக்குவது, எக்ஸிட்டில் காரணத்தைப் பதிவுசெய்வது. அவ்வளவுதான் முதல் ஷெட்யூலர். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் வரிசையில் போடும் செயற்கூறுக்கு டிஸ்பேட்ச் என்றும், நகர்த்துவதற்கு கன்ஸ்யூம் என்றும் பெயர் இருந்தால் அது 6.12 காலத்து எழுத்து. 6.13-ல் இவை டிஎஸ்க்யு-இன்சர்ட், டிஎஸ்க்யு-மூவ்-டு-லோக்கல் என்று மாறிவிட்டன. மாதிரிகளோடு வரும் கம்பாட் தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஓடும்.

பிபிஎஃப்பின் கட்டுப்பாடுகள் இங்கே முகத்தில் அடிக்கும். அடுக்கு (ஸ்டாக்) 512 பைட்தான், தசம எண்கள் கிடையாது, முடிவு தெரியாத சுழற்சி கூடாது. வெரிஃபையரின் பிழைச்செய்தி பல பக்கம் நீளும். கடைசிப் பத்து வரியை மட்டும் படித்தால் போதும், முக்கால்வாசி நேரம் பதில் அங்கேதான். வெறுமையாக இருக்கக்கூடிய சுட்டியைச் சோதிக்காமல் பயன்படுத்தியிருப்பீர்கள்.

7. நியாயம் சேர்ப்பது

வந்த வரிசையில் ஓட்டும் ஷெட்யூலர் ஓடும், ஆனால் தாங்காது. கணக்கு எளிது: ஒரு சிபியுவுக்குப் பத்துப் பணிகள் முட்டிக்கொண்டிருந்தால், கடைசியில் நிற்பது 9 பணிகளின் 20 மில்லிவிநாடி, அதாவது 180 மில்லிவிநாடி காத்திருக்கும். எடிட்டரில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் இழுத்துக்கொண்டு வரும்.

தீர்வு மெய்நிகர் நேரம். ஒவ்வொரு பணியும் இதுவரை எவ்வளவு ஓடியது என்பதை அதன் எடையால் வகுத்துக் கணக்கு வைத்து, குறைவாக ஓடியதை முன்னால் நிறுத்துவது. ஸ்டாப்பிங் செயற்கூறில், பயன்படுத்திய நேரத்தை 100-ஆல் பெருக்கி எடையால் வகுத்துக் கூட்டுகிறீர்கள். இயல்பான எடை 100. பெருக்கலை முதலில் செய்யுங்கள். முழு எண் கணக்கில் முதலில் வகுத்தால் மிச்சம் எல்லாம் காணாமல் போகும்.

கவனிக்க வேண்டியவை சில. ஒரு மணி நேரம் தூங்கிய பணியின் மெய்நிகர் நேரம் வெகுதூரம் பின்தங்கியிருக்கும். அப்படியே விட்டால் எழுந்ததும் மற்ற எல்லோரையும் பட்டினி போட்டுவிட்டு அது மட்டுமே ஓடும். ஆகவே என்கியூவில், இப்போதைய நேரத்திலிருந்து ஒரு நேரத்துண்டுக்கு மேல் பின்தங்க விடாமல் இழுத்துப் பிடியுங்கள். புதிய பணிக்கு எனேபிள் செயற்கூறில் இப்போதைய நேரத்தையே தொடக்கமாகக் கொடுங்கள். தானாக முன்வந்து சிபியுவை விட்டுக்கொடுக்கும் பணிக்கு கெர்னல் மீதி நேரத்துண்டைப் பூஜ்ஜியமாக்கிவிடும். மீதியை வைத்துக் கணக்குப் போட்டால் முழுத்துண்டையும் தின்றதாக அதன் தலையில் எழுதிவிடுவீர்கள். அது உறுத்தினால் ரன்னிங், ஸ்டாப்பிங் இரண்டிலும் கடிகாரத்தைப் பார்த்து உண்மையான நேரத்தைக் கணக்கிடுங்கள்.

மெய்நிகர் நேரப்படி அடுக்கும் முறையை உள்ளமைந்த லோக்கல், குளோபல் வரிசைகளில் பயன்படுத்த முடியாது. நீங்கள் உருவாக்கிய வரிசையிலும் வந்த வரிசை, மெய்நிகர் நேரம் என்ற இரண்டு முறைகளைக் கலக்க முடியாது. கலந்தால் உடனே வெளியேற்றம்.

8. செத்தால் எங்கே பார்ப்பது

கெர்னல் பதிவிலும், ஏற்றிய நிரலின் வெளியீட்டிலும் காரணம் வரும். அதிகம் பார்க்கப்போவது 'ரன்னபிள் டாஸ்க் ஸ்டால்'. கூடவே எந்தப் பணி எத்தனை விநாடி ஓடவில்லை என்ற வரியும், அதன்கீழே ஒவ்வொரு சிபியுவின் நிலையும் காத்திருக்கும் பணிகளும் நீண்ட பட்டியலாக வரும். பட்டியல் பாதியில் அறுந்தால் எக்ஸிட்-டம்ப்-லென் என்ற உறுப்பைக் கூட்டுங்கள், இயல்பு அளவு 32768 பைட்தான்.

பட்டினி கிடந்தது கே-வொர்க்கர் போன்ற கெர்னல் பணி என்றால் பெரும்பாலும் சிபியு கட்டுப்பாட்டில்தான் கோளாறு. ஒரே சிபியுவில் மட்டும் ஓட வேண்டிய பணிகள் நிறைய உண்டு. அவற்றுக்கு செலக்ட்-சிபியு அழைக்கப்படுவதே இல்லை, நேரே என்கியூதான். செலக்ட்-சிபியுவில் தொடக்க வேலை எதையாவது வைத்திருந்தால் இந்தப் பணிகள் அதைத் தாண்டி வந்துவிடும். குறிப்பிட்ட சிபியுவின் லோக்கல் வரிசையில் நீங்களே போடுவதானால், அந்தப் பணிக்கு அந்த சிபியு அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மூவ்-டு-லோக்கல் வழியாகப் போனால் அந்தச் சோதனையைக் கெர்னலே செய்துகொள்ளும். புதியவர்களுக்கு அதுவே நல்லது.

அப்டேட்-ஐடில் செயற்கூறை ஆசைக்காக எழுதிவிட்டீர்களா? எழுதிய மாத்திரத்தில் கெர்னலின் சொந்தக் கண்காணிப்பு நின்றுவிடும். பிறகு இயல்பான சிபியு தேர்வை அழைத்தால் பிழை. இரண்டும் வேண்டும் என்றால் கீப்-பில்டின்-ஐடில் கொடியைச் சேர்க்க வேண்டும்.

சில சமயம் குற்றம் உங்களுடையதே அல்ல. ரியல்டைம் பணி ஒன்று ஒரு சிபியுவை விடாமல் பிடித்துக்கொண்டால், அதற்குக் கீழே காத்திருந்த பணிக்காக உங்கள் ஷெட்யூலர்மேல் பழி விழும். ஸ்விட்ச்-பார்ஷியல் (பகுதி மாற்றம்) என்ற கொடியோடு ஏற்றினாலும் இதே கதைதான்: ஷெட்-எக்ஸ்டுக்கான ஷெட்யூலிங் கொள்கை எண் 7 கொடுத்த பணிகள் மட்டும் உங்களிடம் வரும், ஆனால் சாதாரணப் பணிகளின் அடுக்கு உங்களுக்கு மேலே இருப்பதால் அவை மிச்சம் வைத்ததுதான் உங்களுக்கு.

9. அளப்பது

'வேகமாக இருக்கிற மாதிரி தெரிகிறது' என்பது அளவு இல்லை. ஒரே சுமையை உங்கள் ஷெட்யூலரோடும் இல்லாமலும் ஓட்டி, சராசரியோடு கடைசி நூற்றுக்கொன்றின் தாமதத்தையும் பாருங்கள். பெர்ஃப்பின் ஷெட் பிரிவு, ஷெட்பெஞ்ச், சுமைக்கு ஸ்ட்ரெஸ்-என்ஜி ஆகியவை போதும். தாமதத்தை அளக்கும் சைக்ளிக்-டெஸ்டை முன்னுரிமை கொடுத்து ஓட்டாதீர்கள்: அது ரியல்டைம் பணியாகிவிடும், உங்கள் ஷெட்யூலர் அதைத் தொடவே தொடாது, அருமையான எண்கள் வரும், எல்லாம் பொய். விஎம்மில் எடுத்த எண்களையும் நம்ப வேண்டாம். ஷெட்யூலர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான் விஎம்.

ஒற்றைப் பொது வரிசை, ஒரே எல்3 கேஷ் கொண்ட ஒற்றைச் சாக்கெட் மெஷினில் நன்றாகவே ஓடும். பல சாக்கெட் என்றால் பணிகள் அங்குமிங்கும் தாவி கேஷ் வீணாகும். அப்போது கேஷ் பகுதிக்கு ஒன்றாக வரிசைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும், அதற்கு ரஸ்டி என்ற ஷெட்-எக்ஸ்ட் ஷெட்யூலரின் மூலத்தைப் படியுங்கள். விளையாட்டு போன்ற தாமதம் உறுத்தும் வேலைகளுக்கு எல்ஏவிடி என்ற ஷெட்யூலர் நல்ல மாதிரி.

10. தினமும் ஓட்டுவதென்றால்

சிஸ்டம்டி சேவையாக வைக்கலாம். செத்தால் உடனே மறுபடி தொடங்கு என்று வரம்பில்லாமல் எழுதிவிடாதீர்கள். தப்பான ஷெட்யூலர் ஒவ்வொரு முறையும் மெஷினைக் காவல் நேரம் முழுக்க உறைய வைக்கும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு நின்றுவிடட்டும், வழக்கமான ஷெட்யூலர் பார்த்துக்கொள்ளும்.

கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதிய கெர்னலின் பிடிஎஃப்பிலிருந்து விஎம்லினக்ஸ் தலைப்புக் கோப்பை மறுபடி உருவாக்கி, ஷெட்யூலரைத் திரும்பக் கட்டி, விஎம்மில் ஒருமுறை ஓட்டிவிட்டு மாறுங்கள். பழைய கெர்னலை பூட் பட்டியலிலிருந்து அதற்குள் நீக்க வேண்டாம்.

உதவி கேட்டு எழுதும்போது கெர்னல் பதிப்பு, கிளாங் பதிப்பு, சிபியு அமைப்பு, வெளியேறிய காரணத்தின் முழுக் கொட்டல் ஆகிய நான்கையும் முதல் செய்தியிலேயே கொடுத்துவிடுங்கள். கொட்டலை நீங்களாகச் சுருக்க வேண்டாம். தேவையில்லை என்று வெட்டிய சிபியுவில்தான் அந்தப் பணி சிக்கியிருக்கும்.